வாத்தின் வயிற்றில் ரேடியோ: சிக்னல் மக்கர் செய்தால் எங்கிருந்து தேடுவது

காட்டு வாத்து எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று அறிய அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு ரேடியோ டிரான்ஸ்மிட்டரை வைத்து அனுப்பிவிட்டு, அதன் சத்தத்தை ரிசீவரில் தேடுவோம். காதில் ஹெட்போன், கையில் சிக்னல் வரும் திசையைக் காட்டும் மூன்று கம்பி யாகி ஆன்டெனா, விடிந்தும் விடியாத கரை. நேற்று சாயங்காலம் வரை டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த வாத்து இன்று வாயே திறக்கவில்லை. மனசு உடனே ஒரே இடத்துக்குத்தான் ஓடும்: செத்துப்போச்சு.

பெரும்பாலும் சாகவில்லை. நானும் ஆரம்பத்தில் பறவை மேல்தான் பழி போட்டேன். கேபிள் முனையில் ஒரு திருகு தளர்ந்திருந்ததற்காக ஒரு வாத்தை இரண்டு நாள் "இறந்திருக்கலாம்" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவன் நான். அதற்குப் பிறகு ஒரே வரிசையை விடாமல் பின்பற்றுகிறேன். முதலில் என் கையில் இருப்பது, அடுத்து சுற்றியுள்ள நிலமும் நீரும், அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டர், கடைசியில்தான் பறவை. கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில் நின்று எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அறுவை சிகிச்சை சொல்லித்தரும் கட்டுரை இல்லை. பறவைகளில் பழகிய கால்நடை மருத்துவரும், உரிய அனுமதியும் இல்லாமல் யாரும் கத்தியைத் தொடக்கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

இது தெரிந்தால்தான் அறிகுறிகள் புரியும். முக்குளித்து இரை தேடும் வாத்துகளுக்கு முதுகுப்பை மாதிரி வார் கட்டி டிரான்ஸ்மிட்டர் மாட்டினால் இறகு கலைகிறது, குளிர்நீர் உள்ளே இறங்குகிறது, ஒவ்வொரு முங்கலிலும் நீர் இழுக்கிறது. வார் கட்டிய பெண் காட்டுவாத்துகள் கூடு கட்டுவதையே தள்ளிப்போட்டதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. அதனால் கருவியை வயிற்றுக்குள்ளேயே வைக்கும் முறை வந்தது. ஐசோஃபுளூரேன் என்ற வாயு மயக்கத்தில் அடிவயிற்றில் சிறு கீறல், உள்ளே வயிற்றுக் காற்றுப்பையின் பக்கம் கேப்சூல், மேலே தையல்.

முதலில் ஆன்டெனாவையும் சுருட்டி உள்ளேயே வைத்தார்கள். உடம்பு ஓர் உப்புத்தண்ணீர்ப் பை; ரேடியோ அலையை அது தின்றுவிடும். சிக்னல் எட்டும் தூரம் பரிதாபமாகக் குறைந்தது. 1990-களில் ஆன்டெனாவை மட்டும் முதுகின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று மேலே, தோல் வழியாக வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். அதன் அடியில் துணி போன்ற ஒரு பட்டை இருக்கும். திசு அதைப் பற்றி வளர்ந்து துவாரத்தை மூடிக்கொள்ளும். ஆக, வெளியே தெரிவது ஒரு மெல்லிய கம்பி மட்டும். அது முதுகில் படிந்து கிடக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா, நீருக்குள் இருக்கிறதா, ஒடிந்ததா: பாதிப் பிரச்சினைக்கு விடை இந்த நான்கில் இருக்கும்.

மேசையிலேயே சத்தம் வரவில்லை

காந்தம். பெரும்பாலான கருவிகள் காந்தம் ஒட்டியிருக்கும்வரை தூங்கும், எடுத்தால் விழிக்கும். காந்தத்தை எடுத்தும் பேசவில்லையென்றால், பெட்டியில் பக்கத்தில் படுத்திருக்கும் அடுத்த கருவியின் காந்தத்தைப் பாருங்கள். ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தாலே போதும், இதையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடும். கருவியை ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

பேசுகிறது, ஆனால் சீட்டில் எழுதியிருக்கும் அலைவரிசையில் இல்லை என்றால் அது கோளாறே இல்லை. கருவிக்குள் அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகம் சூட்டுக்கு ஏற்ப ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் நகரும். வாத்தின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. அறைச் சூட்டில் குறித்த எண்ணை வைத்துக்கொண்டு 41 டிகிரியில் இருக்கும் கருவியைத் தேடினால் சத்தம் மங்கலாகத்தான் வரும். நான் செய்வது இது: கருவியை நீர்புகாத பையில் போட்டு 40 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, சத்தம் மிகத் தெளிவாக விழும் எண்ணைத் தேடி அதையே குறிப்பேட்டில் எழுதுவேன். இந்த எண்ணுக்குப் பின்னால் வேறொரு வேலையும் இருக்கிறது, இறப்புப் பகுதியில் வருகிறேன்.

கிருமிநீக்கம் பற்றி ஒரே வார்த்தை: நீராவி அழுத்தக் கொப்பரையில் போடாதீர்கள். பேட்டரி அதோடு முடிந்தது. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் போட்டால், அது முழுக்க வெளியேறும்வரை நாள் கணக்கில் காற்றாட வைக்காமல் பறவைக்குள் வைக்கவும் கூடாது.

கையில் இருந்தபோது கேட்டது, நீரில் விட்டதும் காணவில்லை

பையில் எப்போதும் ஓர் உதிரி டிரான்ஸ்மிட்டர் இருக்க வேண்டும். அதன் காந்தத்தை எடுத்துவிட்டு நூறு அடி தள்ளி ஒரு குச்சியில் கட்டிவிட்டு வந்து கேளுங்கள். அதுவும் கேட்கவில்லையா, குற்றவாளி உங்கள் கையில் இருக்கிறான். ஆன்டெனாவிலிருந்து ரிசீவருக்குப் போகும் கேபிளின் இரண்டு முனைகளையும் லேசாக ஆட்டிப் பாருங்கள்; கரகரவென்று சத்தம் வந்துபோனால் இணைப்பு தளர்வு. ஹெட்போன் கம்பி, ரிசீவர் பேட்டரி, யாகியின் மடக்குக் கம்பிகளில் ஒன்று சரியாக நிமிராமல் இருப்பது, கெயின் திருகை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை மாற்றும் திருகு) யாரோ குறைத்துவைத்தது, எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உதிரி நன்றாகக் கேட்கிறது என்றால் குறித்த எண்ணிலிருந்து மேலும் கீழும் மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக உருட்டுங்கள். மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாக. கருவி நிமிடத்துக்கு 50 துடிப்பு தருகிறது என்றால் அது 1.2 நொடிக்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் நான்கைந்து நொடியாவது நிற்காமல் உருட்டினால் இரண்டு டிக்குகளுக்கு நடுவே தாண்டிப் போய்விடுவீர்கள். தானாக ஸ்கேன் செய்யும் ரிசீவரிலும் இதே கதைதான். ஒவ்வொரு அலைவரிசையிலும் இரண்டே நொடி நிற்கும்படி வைத்தால், கொஞ்ச நேரம் நீருக்கடியில் இருந்த வாத்து அந்தச் சுற்றில் இல்லாமலே போய்விடும்.

அப்புறம் ஏறுங்கள். நீரில் மிதக்கும் வாத்தின் ஆன்டெனா நீர்மட்டத்தில் இருக்கிறது. பூமியின் வளைவு உங்கள் பார்வையை வெட்டும் இடத்தோடு சிக்னலும் கிட்டத்தட்ட முடிகிறது. கையில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்த ஆன்டெனாவுக்கு அது ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 30 மீட்டர் குன்றில் ஏறினால் 20 கிலோமீட்டர். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். இதெல்லாம் எதுவும் மறைக்காத வெளியில். இடையில் நாணலும் மேடும் இருந்தால் இதில் ஒரு பங்குதான் கிடைக்கும். பணத்தைக் கொட்டி நல்ல ரிசீவர் வாங்குவதைவிட ஒரு மேட்டைக் கண்டுபிடிப்பது மேல் என்பது என் கட்சி.

ஏறியும் இல்லையென்றால், பறவை வேறிடம் போயிருக்கும். வாத்துகள் பொழுது சாய்ந்ததும் இரை தேடி வேறு நீருக்குப் போகும், விடியலில் திரும்பும். பகலில் மட்டும் தேடுபவர்களுக்கும் இரவில் மட்டும் தேடுபவர்களுக்கும் அவை பாதி வாழ்க்கைதான் காட்டும். குறிப்பேட்டில் "கேட்கவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

எங்கு திருப்பினாலும் டிக் டிக், எந்த எண்ணிலும் டிக் டிக்

மின்வேலி. நொடிக்கு ஒரு தடவை சொடுக்கும் வேலியின் மின்துடிப்பு நம் கருவியின் துடிப்பு மாதிரியே காதில் விழும். ஒரு முறை நான் அரை நாள் அப்படி ஒரு வேலியைப் பின்தொடர்ந்து நடந்தேன். வாத்து ரொம்ப அமைதியாக ஒரே இடத்தில் இருக்கிறது என்று மகிழ்ச்சி வேறு.

பிரித்தறிவது எளிது. அலைவரிசையைப் பத்து இருபது கிலோஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் என்றால் சத்தம் மறைய வேண்டும். வேலி, வண்டி எஞ்சின், சூரியத்தகட்டு இன்வெர்ட்டர் எல்லாம் பரந்த இரைச்சல். எண்ணை மாற்றினாலும் விடாது. சத்தத்தின் குணமும் வேறு: டிரான்ஸ்மிட்டரின் துடிப்பு ஸ்வரம் உள்ள "பீப்", வேலியினுடையது வெறும் "டக்". வண்டியிலிருந்து கேட்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டே கேளுங்கள்.

வாத்து பக்கத்தில்தான், ஆனால் திசை தெரியவில்லை

கெயின் அதிகம். சத்தம் உச்சத்தில் முட்டி நின்றுவிட்டால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். காதுக்கு எட்டியும் எட்டாததுமாகக் குறைத்துவிட்டு ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அப்படியும் ஊளையிடுகிறது என்றால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு கேபிள் முனையோடு மட்டும் நடங்கள்.

கோடுகள் ஓரிடத்தில் சந்திக்க மறுக்கின்றன

மூன்று இடத்திலிருந்து திசை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டால் மூன்றும் ஒரு சிறு முக்கோணத்தில் கூட வேண்டும். பெரிய முக்கோணம் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: திசைகாட்டி காட்டும் வடக்கையும் வரைபடத்தின் வடக்கையும் ஒன்றென்று நினைத்துவிட்டீர்களா? சில இடங்களில் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது, சில இடங்களில் 20 டிகிரியைத் தாண்டும். 2 கிலோமீட்டரில் 3 டிகிரி தவறே 100 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அப்படியென்றால் 20 டிகிரி உங்களை எந்த ஊருக்குக் கொண்டுபோகும் என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: மூன்று திசைகளையும் எவ்வளவு நேரத்தில் எடுத்தீர்கள்? ஒரு மணி நேர இடைவெளியில் வாத்து ஏரியின் மறுகரையில் இருக்கும். ஒரே ஆள் என்றால் பத்து இருபது நிமிடத்துக்குள் மூன்றையும் முடியுங்கள். இரண்டு பேர் என்றால் நேரம் வைத்துக்கொண்டு ஒரே கணத்தில் எடுங்கள்.

மூன்றாவது எதிரொலி. செங்குத்துப் பாறை, இரும்புக் கூரை, ஈரமான மரவரிசை இவற்றில் பட்டுத் திரும்பும் சிக்னல் நேரே வருவதைவிடச் சில நேரம் உரக்கக் கேட்கும். சந்தேகமாக இருந்தால் ஐம்பது மீட்டர் நகர்ந்து மறுபடி எடுங்கள். உண்மையான திசை கொஞ்சம்தான் மாறும், எதிரொலி தாவும். உரத்த சத்தம் அகலமான பரப்பில் கேட்கிறதென்றால் இரண்டு பக்கமும் சத்தம் மங்கும் இடங்களைக் குறித்து நடுவைப் பிடியுங்கள். உச்சத்தைக் காதால் தேடுவதைவிட இது எப்போதும் துல்லியம்.

விட்டு விட்டு வருகிறது

இந்த அறிகுறி எனக்குப் பிடித்தது. கருவிக் கோளாறு என்று நிறையப் பேர் தள்ளிவிடும் இடம் இது. உண்மையில் பறவை உங்களோடு பேசும் இடம்.

கைக்கடிகாரத்தை எடுங்கள். பீப், பீப், பீப் என்று பதினைந்து துடிப்பு எண்ணுகிறீர்கள். சட்டென்று அறுபடுகிறது. நொடியை எண்ணுங்கள்: 24. மறுபடி பீப். பன்னிரண்டு துடிப்பு. மீண்டும் மௌனம், 26 நொடி. இது ஒடிந்த கம்பி இல்லை. முக்குளிக்கும் வாத்து இரை தேடுகிறது. நீருக்கடியில் போன கணம் சிக்னல் கத்தரித்த மாதிரி நிற்கும், உப்புநீர் என்றால் சுத்தமாக. மேலே வந்து மூச்சு வாங்கும் நேரம் மட்டும் கேட்கும். மௌனங்களின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது முங்கல். தாறுமாறாக, ஒரு நொடி, எட்டு நொடி, அரை நொடி என்று இருந்தால்தான் இணைப்பையோ ஒடிந்த கம்பியையோ சந்தேகப்பட வேண்டும். இப்படிக் காதால் கேட்டே ஒரு வாத்து நாளில் எவ்வளவு நேரம் இரை தேடுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

மேலோட்டமாக மேயும் வாத்து வேறு மாதிரி. தலையை நீருக்குள் விட்டு வாலைத் தூக்கும்போது, வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பி வானத்தைப் பார்த்து நிமிர்கிறது. சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடும்! முதல் தடவை கேட்டபோது ரிசீவர்தான் கோணல் என்று நினைத்தேன். தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு ஊசிவால் வாத்து தலைகீழாக நின்றுகொண்டிருக்கிறது.

அலகை முதுகில் செருகித் தூங்கும்போது கம்பி உடம்போடு படிந்து சத்தம் மங்கும், ஆனால் அறுபடாது. நாணலுக்குள் புகுந்தாலும் அப்படித்தான். இறகுதிர்க்கும் காலத்தில் வாத்துகள் சிறகு இறகுகளை ஒரேயடியாக உதிர்த்துவிட்டு மூன்று நான்கு வாரம் பறக்க முடியாமல் புதரிலேயே பதுங்கும். அந்த மாதம் முழுக்க உங்கள் சிக்னல்கள் மட்டமாகத்தான் இருக்கும். பதற வேண்டாம்.

துடிப்பு வேகமாகிவிட்டது

பல கருவிகளில் சில மணி நேரம் அசைவே இல்லையென்றால் துடிப்பு இரட்டிக்கும். இதற்கு இறப்புத் துடிப்பு என்று பேர். பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கருவிக்குத் தெரிந்தது அசைவின்மை மட்டும்.

அடைகாக்கும் பெண் வாத்து கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். கூடு கட்டும் காலத்தில், தரையிலிருந்து, ஒரே திசையில், பெண் பறவையின் எண்ணில் வேகத்துடிப்பு வந்து, நாளில் ஓரிரு முறை சற்று நேரம் மட்டும் இயல்புக்குத் திரும்புகிறது என்றால், தயவுசெய்து பிணம் தேடப் போகிறேன் என்று நேரே நடந்து கூட்டின் மேல் நிற்காதீர்கள். தூரத்திலிருந்து இரண்டு நாள் கேளுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். செத்து அலையில் மிதக்கும் வாத்து ஆடிக்கொண்டே இருக்கும். கருவி அதை உயிர் என்று எண்ணி சாதாரணத் துடிப்பையே தரும். நரி இழுத்துக்கொண்டு ஓடும்போதும் அப்படித்தான்.

இங்கேதான் வெந்நீரில் குறித்த அந்த எண் கைகொடுக்கும். வயிற்றுக்குள் இருக்கும் கருவி, பறவை உயிரோடு இருக்கும்வரை 41 டிகிரிப் பக்கம் நிலையாக இருக்கும். பறவை இறந்தால் சில மணி நேரத்தில் சூழலின் சூட்டுக்கு இறங்கும். படிகமும் கூடவே நகரும். நேற்றுவரை ஒரே எண்ணில் தெளிவாக விழுந்த சத்தம் இன்று ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் தெளிவாகிறது, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று காற்றின் சூட்டோடு சேர்ந்து ஆடுகிறது என்றால், எனக்கு அது எந்த வேகத்துடிப்பையும் விட நம்பகமான சாட்சி. சூடு அளந்து துடிப்பிலேயே சொல்லும் கருவி என்றால் இந்தக் கூத்தே வேண்டாம். வெளியே மாட்டும் கருவிக்கு இல்லாத ஒரு வசதி இது.

நாளுக்கு நாள் மங்குகிறது

இரண்டு வகை. ஒரே நாளில் சிக்னல் எட்டும் தூரம் பாதிக்கும் கீழே விழுந்து, அதன் பிறகு அங்கேயே நிலைத்தால் ஆன்டெனா ஒடிந்திருக்கும். வாத்து தன் அலகால் கோதிக் கோதி வளைத்ததே ஒடியக் காரணமாக இருக்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை; பக்கத்தில் போய்க் கேட்கப் பழகுங்கள். அதைத் திருத்துவதற்காகப் பறவையை மறுபடி பிடித்து அறுப்பது எந்தத் தரவுக்கும் தகாத விலை.

மெல்ல மெல்ல மங்கி, துடிப்பின் இடைவெளியும் இழுத்துக்கொண்டே போனால் பேட்டரி. துடிப்பு ஒரு சீராக இல்லாமல் தள்ளாடி, அலைவரிசையும் நொடிக்கு நொடி வழுக்கினால் கேப்சூலுக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். வாரம் ஒரு முறை ஒரு நிமிடத் துடிப்பை எண்ணி எழுதிவைத்திருப்பவருக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

செயற்கைக்கோள் கருவி: வாத்து மலையைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டதாம்

ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் முறையில் 401.65 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கருவி பேசும்; செயற்கைக்கோள் நெருங்கி விலகும்போது அலைவரிசை மாறுவதை வைத்து இடம் கணக்கிடுவார்கள். இந்தக் கணக்கு எப்போதும் இரண்டு விடை தரும், செயற்கைக்கோள் பாதையின் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல. தப்பான பிம்பத்தைத் தேர்ந்துவிட்டால் உங்கள் வாத்து ஒரே நாளில் நம்ப முடியாத தூரத்தில் இருக்கும். அடுத்த புள்ளியில் திரும்பி வந்துவிட்டால் அது பிம்பம்தான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வேகத்தைக் கணக்குப்போடுங்கள். வாத்து மணிக்கு 60 முதல் 90 கிலோமீட்டர் பறக்கும், பின்காற்று இருந்தால் நூறைத் தாண்டும். 300 என்று வந்தால் அது பறவை பறந்தது இல்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் தரம் ஒட்டியிருக்கும். 3 என்றால் 250 மீட்டருக்குள், 2 என்றால் 500-க்குள், 1 என்றால் 1500-க்குள், 0 என்றால் அதற்கும் மேல். ஏ, பி என்று வந்தால் தரத்தை மட்டும் வைத்துப் பிழை அளவு சொல்ல முடியாது. முக்குளிக்கும் வாத்து மேலே இருக்கும் நேரம் குறைவு என்பதால் நல்ல தரப் புள்ளிகள் குறைவாகத்தான் கிடைக்கும்.

பல நாள் மௌனம் என்றால் முதலில் அட்டவணையைப் பாருங்கள். வயிற்றுக்குள் வெயில் இல்லை, எனவே சூரியத்தகடும் இல்லை. பேட்டரியை நீட்டிக்க ஆறு மணி நேரம் பேசி மூன்று நாள் தூங்கும்படி வைப்பது வழக்கம். அட்டவணைக்கு மேலும் மௌனம் நீண்டாலும் கோப்பை மூடாதீர்கள். ஸ்பெக்டகில்டு ஐடர் என்ற கடல் வாத்து குளிர்காலத்தை எங்கே கழிக்கிறது என்று 1995 வரை யாருக்கும் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் வயிற்றில் வைத்த ஒரு கருவியின் சிக்னல் பெரிங் கடலின் நடுவிலிருந்து வந்தது. விமானத்தில் போய்ப் பார்த்தவர்கள் கண்டது உறைபனிக்கு நடுவே திறந்திருந்த நீரில் நெருக்கியடித்துக் கிடந்த பெருங்கூட்டங்களை. உலகத்து ஸ்பெக்டகில்டு ஐடர்கள் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. வாத்து இல்லாவிட்டாலும் இன்னொன்று: 2007-இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு எட்டு நாளுக்கு மேல் இறங்காமல் 11,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்த ஈ7 என்று பெயரிட்ட, பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் வயிற்றிலும் இதே வகைக் கருவிதான். அது வடக்கே போனதையும் அதே கருவி சொல்லியிருந்தது.

இறப்பா என்று பார்க்க, கருவி அனுப்பும் உடல் சூட்டையும் பேட்டரி மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். சூடு இறங்கி, மின்னழுத்தம் நன்றாக இருந்தால் பறவை இறந்துவிட்டது. சூடு 41-இல் நின்று மின்னழுத்தம் சரிந்துகொண்டே வந்து மௌனமானால் போனது கருவி மட்டும். வாத்து எங்கேயோ நீந்திக்கொண்டிருக்கிறது.

விட்ட பிறகு பறவை சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது

இப்போது பறவை மேல் சந்தேகப்படலாம்.

நெஞ்சும் வயிறும் நனைந்து கரையேறி நிற்கிறது என்றால் இறகின் நீர்காப்பு போயிருக்கிறது. அறுவையின்போது ஆல்கஹாலை ஊற்றுவதும், தேவைக்கு மேல் இறகு பிடுங்குவதும், பிளாஸ்திரி ஒட்டுவதும் இதைச் செய்யும். சிறகு தொங்கி, கால் இழுத்துக்கொண்டு இருந்தால் பிடிக்கும்போது ஏற்பட்ட தசைச் சேதத்தை நினையுங்கள். நீண்ட துரத்தல், அதிக நேரம் கூண்டு, வெக்கை எல்லாம் காரணம். இரண்டுக்கும் பொது விதி: துரத்தாதீர்கள். மறுபடி ஓடவிட்டால் மிச்சமிருப்பதும் போகும். தூரத்திலிருந்து பார்த்து, மருத்துவரைக் கூப்பிட்டு, பிடிக்கலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

ஒரே இனத்தில், ஒரே பாலினத்தில் சாவு கூடுகிறது என்றால் மருந்துப் பட்டியலை எடுங்கள். இதற்கு ஒரு கசப்பான முன்னுதாரணம் 2003-இல் வெளியானது. மயக்க மருந்தான புரோபோஃபால், மரத்துப்போக வைக்கும் பியூபிவகேன், கீட்டோபுரோஃபென் மூன்றும் கொடுத்து அறுவை செய்த ஸ்பெக்டகில்டு ஐடர், கிங் ஐடர் வாத்துகளில் ஆண்கள் மட்டும் அதிகமாகச் செத்தன. அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் சிதைந்திருந்தது. சந்தேகம் வலிநிவாரணியான கீட்டோபுரோஃபென் மேல் விழுந்தது. பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்த டைக்ளோஃபெனாக்கும் இதே குடும்பத்து மருந்துதான். கத்தி, தையல், கருவி என்று எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு ஊசியை விட்டுவிடுவது எளிது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் இரண்டு வாரம் தனிக் கணக்கு. பல ஆய்வாளர்கள் 14 நாளுக்குள் நிகழ்ந்த இறப்பை உயிர்பிழைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை; அது இயற்கையின் கணக்கா நம் கணக்கா என்று பிரிக்க முடியாது என்பதால். சேர்க்காமல் விடுவது சரி. ஆனால் எத்தனை பறவை அப்படி விடப்பட்டது என்று எழுதாமல் விடுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சிக்னல் தரையிலிருந்து வருகிறது, அல்லது சாலையில் போகிறது

வாத்து பெரும்பாலும் மரத்தின் உச்சியில் இருக்காது. உயரத்திலிருந்து வந்தால் கழுகுக் கூட்டைத் தேடுங்கள். பத்து அடி தூரத்தில்கூட மங்கலாக இருந்தால் மண்ணுக்கடியில், நரி வளையில் இருக்கலாம். வண்டி வேகத்தில் நகர்ந்தால் வேட்டைக்காரர் கையில்.

கருவி கிடைத்த இடத்தை முதலில் படம் எடுங்கள். இறகுகள் பிடுங்கியிருக்கின்றனவா, கடித்து வெட்டியிருக்கின்றனவா, எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் கொன்றது யார் என்று சொல்லும். கருவியைக் கையில் எடுத்தபின் அதையெல்லாம் மிதித்திருப்பீர்கள். உடல் முழுசாக இருந்தால் கையுறை போட்டு இரட்டைப் பையில் குளிர்வைத்து, உறையவிடாமல், அன்றே மருத்துவரிடம் சேருங்கள்; உறைந்துவிட்டால் திசுவில் பார்க்க வேண்டியது பாதி கெட்டுவிடும். கருவி மட்டும் என்றால் கழுவி, காந்தத்தை ஒட்டி, அது நின்றுவிட்டதா என்று ரிசீவரில் ஒருமுறை கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்காமல் அலமாரியில் வைத்தேன். அடுத்த மூன்று வாரமும் அந்த வாத்து என் அறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.